நூல்களைத் தடைசெய்யலாமா? – விவாதக் கட்டுரைக்கு ஓர் ஆயத்தம்

க.பொ.த. (சாதாரண தரம்) – தமிழ்மொழியும் இலக்கியமும்
கட்டுரைப் பகுதி



"சமூகத்துக்குத் தீங்கானவை எனக் கருதப்படும் நூல்களைத் தடைசெய்தல் வேண்டும்." இத்தலைப்பு கட்டுரை வினாவாகவோ விவாதப் போட்டித் தலைப்பாகவோ உங்கள் முன் வரக்கூடும். விடை எழுதும் பலர் "நூல்கள் மனிதனின் உற்ற நண்பன்" என்று தொடங்கி, மூன்றாம் பந்தி வரையும் நூலின் பெருமையையே பாடிக்கொண்டிருப்பர். வினா அதைக் கேட்கவில்லை. ஒருவர் எதை வாசிக்கலாம், எதை வாசிக்கக்கூடாது என்பதை இன்னொருவர் தீர்மானிக்கலாமா என்றே கேட்கிறது. "எனக் கருதப்படும்" என்ற தொடரையும் கவனியுங்கள். யாரால் கருதப்படும்? முழு விவாதமும் அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது.

முதலில் சொற்களை வேறுபடுத்திக் கொள்வோம். ஓர் ஆக்கம் வெளிவருமுன் அதனைப் பார்வையிட்டு வெட்டுவது தணிக்கை. வெளிவந்த நூலை விற்கவோ இறக்குமதி செய்யவோ விடாமல் நிறுத்துவது தடை. சட்டம் எதுவும் இல்லாமலே, அச்சுறுத்தலாலும் ஊரின் நெருக்குதலாலும் எழுத்தாளர் தானாகவே நூலை மீளப்பெறுவதும் உண்டு. பயத்தினால் எழுதாமலே விடுவது சுயதணிக்கை. கடைசி இரண்டும் எந்த வர்த்தமானியிலும் பதிவாவதில்லை. ஆதலால் மாணவர்கள் அவற்றை எழுத மறந்துவிடுகின்றனர்.

எமது ஊரிலிருந்து தொடங்குவோம்

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932 இல் கரவெட்டியில் பிறந்து, விக்னேஸ்வராவில் படித்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் "மரபுப் போராட்டம்" எனப்படும் இலக்கியச் சண்டை எழுந்தது. சாதாரண மக்கள், குறிப்பாக ஒடுக்கப்பட்ட மக்கள், வீட்டிலும் வயலிலும் பேசும் தமிழைக் கதைகளில் எழுதுவது "இழிசனர் வழக்கு" என்று மரபுவழிப் பண்டிதர் சிலர் கண்டித்தனர். சிவத்தம்பியும் கைலாசபதியும் முற்போக்கு எழுத்தாளரின் பக்கம் நின்று வாதாடினர்.

இது அரசின் தடை அன்று. ஆயினும் "இவர்களின் வாழ்வும் பேச்சும் புத்தகத்தில் இடம்பெறத் தகுந்தவை அல்ல" என்று சொல்வதும் ஒருவகையில் வாசிப்புக்கு வேலி போடுவதுதான். அன்று பண்டிதர்கள் சொன்னபடி நடந்திருந்தால் 1972 இல் கே. டானியலின் "பஞ்சமர்" போன்ற நாவல் அந்த மொழியில் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். எழுத்தை எழுத்தால் எதிர்கொண்டமைக்கு இது நல்ல உதாரணம். பண்டிதர்களும் எழுதினார்கள், இவர்களும் எழுதினார்கள். தீர்ப்பு வாசகர் கையில் விடப்பட்டது.

எல்லாச் சந்தர்ப்பங்களும் இப்படி முடியவில்லை. 1981 ஜூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரு நூலைக் குற்றஞ்சாட்டித் தடைசெய்பவர் அதன் தலைப்பையாவது வாசித்திருப்பார். நூலகத்தைக் கொளுத்துபவருக்கு அதுவும் தேவையில்லை. யுத்த காலத்தில், 1990களில், கடதாசி வரத்துக் கட்டுப்பட்டமையால் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கொப்பித் தாளில் அச்சாகின. உங்கள் அம்மப்பா, அப்பப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

வாயை மூடச் செய்தது அரசு மாத்திரமன்று. அரசபடை, இந்தியப்படை, எமது இயக்கங்கள் ஆகிய எல்லோரையும் விமர்சித்த "முறிந்த பனை" என்னும் நூலை எழுதிய நால்வருள் ஒருவர் ராஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே இதற்குப் பொறுப்பு என்று அவருடைய சக நூலாசிரியர்கள் கூறிவந்துள்ளனர். நூல் அச்சில் பரவலாக வந்தது அதன் பின்னரே. இவ்வுதாரணத்தை எழுதத் தயங்க வேண்டாம். ஒரு பக்கத்தின் தவறுகளை மட்டும் அடுக்கும் கட்டுரை விவாதம் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

குடியியற் கல்வியில் படித்ததை இங்கே பயன்படுத்தலாம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை வழங்குகிறது. 14(1)(அ) உறுப்புரை, வெளியிடுதல் உட்பட பேச்சு, கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகிறது. முதலாவதற்கு வரையறை இல்லை. இரண்டாவதற்கு உண்டு: இன, மத இணக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுக்கம் முதலிய காரணங்களுக்காகச் சட்டத்தினால் கட்டுப்படுத்தலாம் என்கிறது 15 ஆம் உறுப்புரை. 1948 ஆம் ஆண்டு மனித உரிமைகள் பிரகடனத்தின் 19 ஆம் உறுப்புரை, கருத்தைத் தேடவும் பெறவும் உள்ள உரிமையையும் கூறுகிறது. அதாவது எழுதுபவரின் உரிமை மட்டுமல்ல, வாசிப்பவரின் உரிமையும் அதில் உண்டு.

ஒரு கவிதைத் தொகுதியின் கதை

மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2017 இல் "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே 16 அன்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டார். கவிதைகள் தீவிரவாதத்தை ஊக்குவிக்கின்றன என்பது குற்றச்சாட்டு. அவை வன்முறைக்கு எதிரானவை என்றே அவரது தரப்பினர் கூறினர். 2021 டிசெம்பரில் பிணை கிடைக்கும் வரை ஏறத்தாழ 19 மாதங்கள் தடுப்பில் இருந்தார். 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இலக்கிய மாணவராகிய நீங்கள் இதில் ஒன்றைக் காணவேண்டும். செய்யுளைப் படிக்கும்போது "இது யார் கூற்று? யாரை நோக்கியது? எந்த மெய்ப்பாடு?" என்று கேட்கப் பழகியிருக்கிறீர்கள். கோபத்தைப் பாடும் கவிதை கொலைக்குக் கட்டளை அன்று. போரில் இறந்தவன் பேசுவதாக எழுதியவர் போருக்கு ஆள் சேர்ப்பவர் அல்லர். இக்கேள்விகளைக் கேட்காமல், மொழிபெயர்த்த இரண்டு வரிகளை மட்டும் வைத்து முடிவெடுத்தால் எந்தக் கவிஞனும் குற்றவாளியாகலாம். வகுப்பறையில் தவறினால் புள்ளி குறையும். வெளியே ஒருவரின் இரண்டு ஆண்டுகள் போய்விடும்.

சிங்களத்திலும் இவ்வாறு நடந்தது. பௌத்த விகாரை வாழ்வைத் தொட்ட சிறுகதை ஒன்றுக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். சிறுபான்மையினருக்கு மட்டுமான பிரச்சினை இது என எழுதினால் தவறாகும்.

தமிழ்நாட்டில்: மாதொருபாகன்

பெருமாள்முருகனின் "மாதொருபாகன்" 2010 இல் வெளிவந்த நாவல். திருச்செங்கோட்டை அடுத்த கிராமத்தில், ஆங்கிலேயர் காலத்தில் வாழும் பிள்ளையில்லாத தம்பதியரின் கதை. கோயில் தேர்த் திருவிழா இரவு பற்றி அதில் வரும் செய்தி தமது ஊர்ப் பெண்களையும் சமூகத்தையும் இறைவனையும் இழிவுபடுத்துவதாக 2014 இறுதியில் எதிர்ப்பு எழுந்தது. பிரதிகள் எரிக்கப்பட்டன. கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டுக் கையொப்பமிட்டார். பின்னர், பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த ஒப்பந்தம் எவரையும் கட்டுப்படுத்தாது என்றும், நூலைத் தடைசெய்ய முடியாது என்றும், பிடிக்காதவர் வாசிக்காமல் விடலாம் என்றும் கூறியது. எழுத்தாளர் மீண்டும் எழுதத் தொடங்கினார். இங்கே எந்த அரசாணையும் நூலைத் தடைசெய்திருக்கவில்லை. அப்படியிருந்தும் நூல் நிறுத்தப்பட்டது. மேலே கூறிய மூன்றாவது வகைக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

மறுதரப்பையும் எழுதுங்கள்

ஊரின் பெயரைச் சொல்லி எழுதும்போது அவ்வூர்ப் பெண்கள் புண்படுவது பொய்யான உணர்வு அன்று. அதை ஏளனம் செய்யாதீர்கள். இன்னும் வலிமையான வாதமும் உண்டு. யூதர்கள் உலகை ஆளச் சதிசெய்கின்றனர் எனக் கூறும் "சியோன் மூப்பர்களின் நடபடிகள்" என்ற நூல் அப்பட்டமான போலி. 1921 இல் லண்டன் "டைம்ஸ்" பத்திரிகை அதனை அம்பலப்படுத்தியது. ஆயினும் நாஸிகள் அதனைப் பரப்பினர். அம்பலமான பொய்யும் ஆளைக் கொல்ல உதவும் என்றால், "வாசகரே தீர்ப்பளிக்கட்டும்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ளலாமா? தடையை எதிர்த்து எழுதும் மாணவர் இக்கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஒரு நூல் மனத்தைப் புண்படுத்துவதும், குறித்த மக்களைத் தாக்கும்படி ஏவுவதும் ஒன்றல்ல என்று கோடு பிரிப்பது ஒரு வழி. சிறுவருக்கு வயதறிந்து நூல் கொடுப்பதும் வளர்ந்தவரிடமிருந்து நூலைப் பறிப்பதும் வேறு என்பது இன்னொரு வழி. கோட்டை எங்கே இடுவீர்கள் என்பது உங்கள் பொறுப்பு. இடாமல் விட்டால் கட்டுரை நழுவிவிடும்.

பயிற்சி

1. "எனக் கருதப்படும்" என்ற தொடரை நீக்கினால் மேலே தந்த தலைப்பின் பொருள் எவ்வாறு மாறும்? ஐந்து வசனங்களில் எழுதுக.

2. உமது பாடசாலை நூலகத்திலிருந்து ஒரு நாவலை அகற்றுமாறு பெற்றோர் சிலர் கடிதம் எழுதியுள்ளனர் எனக் கொள்க. மாணவர் மன்றச் செயலாளர் என்ற வகையில் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுக. பெற்றோரின் மனக்குறையை முதலில் அவர்கள் ஏற்கும்படி எடுத்துரைத்த பின்னரே உமது கருத்தைக் கூறுதல் வேண்டும்.