தொற்றுக் காலத்தில் தொழிலாளரின் அபாயத்தை மதிப்பிடும் முறை

1918-ம் வருஷத்து விஷ ஜுரத்தால் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டனர். 2020-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனாவை உலகம் தழுவிய தொற்றென அறிவித்தது. அம்மாதம் 25-ந் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமலாயிற்று. அப்பொழுதும் கூட்டுறவுச் சங்கங்களின் ரேஷன் கடைகள் மூடப்படவில்லை. 2023-ம் வருஷம் மே 5-ந் தேதி அவசர நிலை நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த தொற்றுக்கு ஆயத்தம் செய்ய, நோயில்லாத காலமே ஏற்றதாகும்.

கொரோனா, மூச்சிலும் பேச்சிலும் வெளிப்படும் நுண்ணிய துளிகளால் பரவுவது. ஜுரம் காணுமுன் இரண்டு நாளிலேயே அது பிறரைத் தொற்றக்கூடும். ஆதலால் பார்வைக்குச் சுகமாயிருப்பது போதிய அத்தாட்சியாகாது. வேலையின் பெயரைக் கொண்டு அபாயத்தை அளத்தலும் தவறு. ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும்.

1. எத்தனை பேருடன் பழகவேண்டும்?
2. எவ்வளவு நெருக்கமாக?
3. எவ்வளவு நேரம்?
4. இடம் காற்றோட்டமுள்ளதா, அடைபட்டதா?

திண்ணனூர் நாட்டு வேலைகளை இவ்வாறு சோதிப்போம். ஏணியில் தனியே நின்று மிளகு பறிப்பவருக்குத் திறந்த வெளியில் அபாயம் சொற்பம். அவரே கண்ணாடி மூடிய வண்டியில் பலருடன் நெருங்கியமர்ந்து, 70 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து காரவள்ளிக்கு இறங்குவாராயின், அப்பிரயாணமே அன்றைய பெரிய அபாயம். ரேஷன் கடையில் நிறுப்பவர் ஒவ்வொருவருடனும் சில நிமிஷமே இருப்பினும், நாள் முழுதும் பலரை எதிர்கொள்கிறார். கடை குறுகியதாயின் அவரது அபாயம் அதிகம். ஒரே கொட்டகையில் பலர் படுத்துறங்குவதும் அவ்வாறே.

இதன் பின்னர் ஆளையும் கவனிக்கவேண்டும். அறுபது வயது கடந்தோர், நீரிழிவு அல்லது மூச்சுக் கோளாறு உடையோர் ஆகியோரைக் கூட்டமான வேலையிலிருந்து திறந்தவெளி வேலைக்கு மாற்றுதல் நலம்.

பரிகாரத்திலும் வரிசை உண்டு. முதலாவது, கூட்டத்தைக் குறைத்தல். 2020 ஏப்ரலில் ரேஷன் கடைகளில் நாளும் நேரமும் குறித்த டோக்கன் வழங்கியது இவ்வகையே. இரண்டாவது, ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குதல். முகக்கவசம் இவற்றுடன் சேரவேண்டுவதேயன்றி, இவற்றுக்குப் பதிலாகாது.

கடைசியாக, கூலி. ஒரு நாள் வராவிடில் அடுப்பெரியாது என்னும் நிலையிலுள்ளவர் ஜுரத்தை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் மறைத்த ஜுரம் உடன் வேலை செய்வோர் வீடுகளுக்கும் செல்லும். ஆகையால் நோயுற்ற தொழிலாளிக்கு ஓய்வுக் காலத்தில் எவ்வளவு உதவலாம், எந்த நிதியிலிருந்து உதவலாம் என்பதை உபவிதிகளுக்கிணங்க முன்கூட்டியே மகாசபையில் தீர்மானித்தல் அவசியம். மேற்கண்ட நான்கு கேள்விகளுக்கும் உண்மையான விடை கிடைப்பது, உண்மை சொன்னவர் பட்டினி கிடக்க நேராது என்ற உறுதி இருக்கும் சங்கத்திலேயாம்.