ஜெர்மனியில் துணி துவைக்க: விடுதி மெஷினா, சலவை நிலையமா, வாளியா?

அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்காக ஜெர்மனி வந்து சேரும் நம் மாணவர்களுக்கு, பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் அழுக்குத்துணி சேர்ந்துவிடும். துவைக்க வழி மூன்று: விடுதியின் நிலவறையில் இருக்கும் மெஷின், ‘வாஷ்சலோன்’ என்று பலகை போட்ட சலவை நிலையம், குளியலறையில் ஒரு வாளி. எது மலிவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். துவைத்த துணி எங்கே காயும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்பேன்.

நம்மூர் மொட்டைமாடி வெயில் இங்கே நவம்பரிலிருந்து கிடையாது. மூடிய சிறிய அறையில் ஈரத்துணியைப் பரப்பினால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், சுவர் மூலையில் கரும்பூஞ்சை பிடிக்கும். அறையைக் காலி செய்யும்போது பூஞ்சையை நீக்கும் செலவை உங்கள் முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளவும் கூடும். அறையில்தான் காயப்போட வேண்டும் என்றால் குளிரைப் பார்க்காமல் ஜன்னலை அகலத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விடுங்கள். ஒருநாளில் பலமுறை செய்ய வேண்டும்.

அதனால் விடுதியில் சேர்ந்த அன்றே, துணி காயப்போடத் தனி அறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வாராவாரத் துணிக்கு விடுதி மெஷினே போதும். பெரும்பாலும் வெளியே ஆவதைவிடக் குறைந்த செலவுதான், கார்டிலோ செயலியிலோ கட்டிவிடலாம். ஞாயிறு மாலை மட்டும் வேண்டாம், எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். துவைத்து முடிந்த நேரத்துக்குப் போய் எடுக்காவிட்டால், அடுத்து நிற்பவர் உங்கள் ஈரத்துணியை அள்ளி மெஷின் மேல் வைத்துவிடுவார்.

காயப்போட இடமில்லாதவர்களுக்கும், போர்வை, மெத்தை விரிப்பு துவைப்பவர்களுக்கும் சலவை நிலையம்தான் சரி. பெரிய மெஷின்கள் இருக்கும், பக்கத்திலேயே டிரையர் இருக்கும், உலர்ந்த துணியோடு வீடு திரும்பலாம். பல இடங்களில் பணம் கட்டச் சுவரில் ஒரே பெட்டிதான். துணியைப் போட்டு, கதவைச் சாத்தி, மெஷினின் எண்ணைப் பார்த்துக்கொண்டு வந்து அந்த எண்ணுக்குக் காசு போட வேண்டும். சில்லறை கையில் இருக்கட்டும். டிரையருக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். முதலில் கொஞ்ச நேரத்துக்குப் போட்டுத் தொட்டுப் பார்த்து நீட்டித்தால் காசும் மிச்சம், பருத்திக் குர்தாவும் சுருங்காது. ஞாயிற்றுக்கிழமை நிலையம் திறந்திருக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். சோப்புத்தூளைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

வாளியைப் பட்டுக்கும் கம்பளி ஸ்வெட்டருக்கும் சாயம் விடும் புதுச் சுங்குடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸைக் கையால் பிழிந்து இந்தக் குளிரில் காயவைக்க முடியாது. ஸ்வெட்டரை முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, கொடியில் தொங்கவிடாமல் பரப்பிப் போடுங்கள்.

நம் சமையலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவக்கும். மஞ்சள் காரத்தில் நிறம் மாறுவதுதான் காரணம், பயப்பட வேண்டாம். ஊரில் என்றால் வெயிலே அதை வெளுத்துவிடும். இங்கே வெள்ளைக்கு ‘ஃபோல்வாஷ்மிட்டல்’ என்ற வகையைத் தூளாகவே வாங்குங்கள். வெளுப்புச் சத்து தூளில்தான் இருக்கும், அதே பெயரில் வரும் திரவத்தில் இருக்காது. பருத்தி என்றால் 60 டிகிரியில் போடலாம். கறை போகும்வரை அந்தச் சட்டையை டிரையரில் போடாதீர்கள், சூட்டில் கறை நிலைத்துவிடும். வண்ணத்துணிக்கு ‘கலர்’ என்று போட்ட வேறு பாக்கெட், 30 அல்லது 40 டிகிரி.

வெள்ளை, வண்ணம் என்று பிரித்தால் ஒருவர் துணிக்கு இரண்டு மெஷினும் பாதிதான் நிறையும். பக்கத்து அறை நண்பரையும் கூட்டிக்கொண்டு போய், இருவரின் வெள்ளையை ஒன்றிலும் வண்ணத்தை மற்றொன்றிலும் போட்டால் ஆளுக்கு ஒரு மெஷின் காசோடு முடிந்துவிடும்.