ஐந்து மைல் எல்லைக்குள்

பட்டம் பெற்ற இளைஞரிடம் உற்றாரும் பிறரும் கேட்கும் முதல் வினா, ‘அடுத்து என்ன?’ என்பதாகும். அதற்கு உடனே விடை சொல்லத் தெரிந்தோர் மிகச் சிலரே. கேரளத்தில் எளிய, குளிர்ந்த, அழகிய வீடுகள் பலவற்றை எழுப்பிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்கு அவ்விடை கிடைக்க ஒரு போரும் மூன்று நாடுகளும் தேவைப்பட்டன.

பேக்கர் 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அந்நகரிலேயே கட்டடக் கலை பயின்று, 1937இல் பட்டம் பெற்றார். தொழிலில் காலூன்றுவதற்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் சார்ந்திருந்த குவேக்கர் சமயப் பிரிவு, படைக்கலம் ஏந்தலாகாது என்னும் கொள்கையுடையது. போர்முனைக்குச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. பிறர் துன்புறும்போது வீட்டில் அமர்ந்திருக்கவும் ஒப்பவில்லை. ஆகவே, குவேக்கர்கள் அமைத்த மருத்துவ உதவிப் படையில் தொண்டராகச் சேர்ந்தார். வீடு கட்டக் கற்றவர், நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுக்கப் பயின்றார். பின்னர்ச் சீன நாட்டின் உட்பகுதிக்குச் சென்று தொழுநோயாளரிடையே பணிபுரிந்தார். கற்ற கல்வி வீணாயிற்று என்றே அன்று கண்டோர் எண்ணியிருப்பர்.

தாயகம் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் ஏறத்தாழ 3 மாதம் காத்திருக்க நேர்ந்தது. அங்குதான் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் அணிந்திருந்த காலணி, துணித்துண்டுகளைக் கொண்டு கையால் செய்யப்பட்டது. அடிகளின் கண்ணில் முதலில் பட்டது அக்காலணியே. பேச்சு வளர்ந்தது. மேலைநாட்டுப் படிப்பு மட்டும் இங்குப் போதாது, இந்நாட்டு ஏழையரின் தேவையை முதலில் அறிய வேண்டும் என்று அடிகள் உரைத்ததாகப் பேக்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அவ்வீட்டைச் சுற்றி 5 மைல் எல்லைக்குள்ளேயே கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. இளம் கலைஞரின் நெஞ்சில் அது ஆழப் பதிந்தது.

1945இல் பேக்கர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். தொழுநோய்க்குப் புதிய மருந்துகள் வரத் தொடங்கிய காலம் அது. நோயாளரை ஒதுக்கி வைத்த பழைய விடுதிகளைச் சிகிச்சைக்குரிய மருத்துவமனைகளாக மாற்றும் பணி, தொழுநோய்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாக அவருக்குக் கிடைத்தது. கட்டடக் கலையும் தொண்டும் அவர் வாழ்வில் ஒன்றாக இணைந்தது இங்குத்தான். ஆயினும் புதிய இடர் ஒன்று எழுந்தது. அவர் கற்ற நூல்கள் எஃகையும் கான்கிரீட்டையும் பேசின. கண்முன் இருந்தவையோ மண், சாணம், மூங்கில், செம்பாறாங்கல். பட்டதாரி மீண்டும் மாணவரானார்.

1948இல் அவர் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலைச் சாரலில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்துப் பித்தோராகர் பகுதியில் குடியேறினர். எலிசபெத் மருத்துவம் பார்த்தார், பேக்கர் கட்டினார். மலைவாழ் மக்கள் கல்லையும் மரத்தையும் கொண்டு குளிருக்கும் சரிவுக்கும் ஏற்ப வீடு அமைக்கும் திறத்தை அங்கு அவர் கண்டார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அந்தப் பள்ளி நீடித்தது. 1963இல் கேரளத்து வாகமண்ணுக்கும், அதன்பின் திருவனந்தபுரத்துக்கும் சென்றனர். அவருடைய பெயர் நாடெங்கும் பரவியபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

அவரது கட்டுமுறை நுட்பமானது. செங்கற்களைப் படுக்கையாக அடுக்குவதே வழக்கம். பேக்கர் அவற்றைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, சுவரின் நடுவே வெற்றிடம் அமையுமாறு அடுக்கச் செய்தார். எலிப்பொறிக் கட்டு என வழங்கும் இம்முறையில் சுவரின் தடிமன் குறையாது. செங்கல்லோ ஏறத்தாழக் கால் பங்கு மிச்சமாகும். நடுவில் தங்கும் காற்று வெயிலின் வெம்மையைத் தடுக்கும். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டின் பயன் சிறிது. எனவே, கம்பிகளுக்கிடையே பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைச் சேமித்தார். சன்னல்களுக்குப் பதிலாகச் சுவரிலேயே செங்கல் இடைவெளிகளை விட்டார். காற்றும் ஒளியும் அவற்றின் வழியே வந்தன. செங்கல்லுக்கு இயற்கையிலேயே அழகிய நிறம் இருப்பதால் பூச்சும் வேண்டாம் என்றார்.

மலிவானது தரமற்றது என்று எண்ணுவோர் இன்றும் உளர். இம்முறைகள் கொத்தனாரின் கைத்திறனையே நம்பியிருப்பதால், கவனமின்றிச் செய்தால் பயன் தரா என்பதும் உண்மையே. பேக்கர் அதனை உணர்ந்திருந்தார். வரைபடத்தை அனுப்பிவிட்டு அலுவலகத்தில் இராமல், பணியிடத்துக்குத் தாமே சென்று கொத்தனாருடன் நின்று கட்டினார். கைக்குக் கிடைத்த பயன்படுத்திய தாள்களின் பின்புறத்திலேயே வரைந்தார். வீட்டுச் செலவைக் குறைக்கும் வழிகளைப் பொதுமக்களுக்குக் கூறும் சிறு நூல்களை, நகைச்சுவைப் படங்களுடன் எழுதினார்.

திருவனந்தபுரத்து உள்ளூரில் அமைந்த வளர்ச்சி ஆய்வு மையம் அவரது பெரும் படைப்பு. மேட்டைச் சமப்படுத்தாமல் நிலத்தின் சரிவை ஒட்டியே அதன் கட்டடங்கள் எழுந்தன. இந்தியக் குடியுரிமை பெற்ற பேக்கருக்கு 1990இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007இல் திருவனந்தபுரத்திலேயே மறைந்தார்.

அந்நகரின் தம்பானூரில், தொடர்வண்டி நிலையத்துக்கு அருகே, செந்நிறக் கோபுரம் போன்ற இந்தியன் காபி ஹவுஸ் உள்ளது. அதுவும் பேக்கர் கட்டியதே. அதற்குத் தனித்தனி மாடிகள் இல்லை. ஒரே தளம் சுருள் சுருளாக மேலேறிச் செல்கிறது. சுவரோரம் கட்டப்பட்ட மேசைகளில் அமர்ந்து, செங்கல் இடைவெளி வழியே வரும் காற்றில் பயணிகள் காபி அருந்துகின்றனர்.

சிந்தித்து எழுதுக

1. ‘பட்டதாரி மீண்டும் மாணவரானார்’ – ஏன்?
2. எலிப்பொறிக் கட்டினால் விளையும் இரு நன்மைகள் யாவை?
3. உங்கள் வீட்டைச் சுற்றி 5 மைல் எல்லைக்குள் வீடு கட்டப் பயன்படும் எப்பொருள்கள் கிடைக்கின்றன? பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.