பெட்டியில் வரும் கோழிக்குஞ்சுகள்: முதல் மூன்று நாட்களே முக்கியம்

வனராஜா, கிராமப்பிரியா, கிரிராஜா போன்ற புறக்கடைக் கோழியினங்களின் ஒரு நாள் குஞ்சுகளைத் தொலைவில் உள்ள பொரிப்பகங்களிலிருந்து வரவழைத்து வளர்ப்போர் பலர். துளையிட்ட அட்டைப் பெட்டிகளில் வைத்து இரயிலிலும் பஸ்ஸிலும் குஞ்சுகள் அனுப்பப்படுகின்றன. அமெரிக்காவில் 1918 முதல் தபாலிலேயே இவற்றை அனுப்பி வருகிறார்கள்.

தீனியும் தண்ணீரும் இல்லாமல் குஞ்சுகள் எவ்வாறு பயணத்தைத் தாங்குகின்றன? பொரிப்பதற்குச் சற்று முன் முட்டையின் மஞ்சள் கருவில் எஞ்சிய பகுதி குஞ்சின் வயிற்றுக்குள் சென்று விடுகிறது. ஏறத்தாழ 72 மணி நேரம் வரை இதுவே அதற்கு உணவு. இந்த வசதியே வாங்குவோரை ஏமாற்றியும் விடுகிறது. முதல் இரண்டு நாட்கள் சுறுசுறுப்பாகத் தோன்றும் குஞ்சு, தீனி பொறுக்கக் கற்றுக் கொள்ளாவிடில் நான்காம், ஐந்தாம் நாளில் மடியும். நோய் என்று எண்ணி மருந்து தேடுவோம். உண்மையில் அது பட்டினிச் சாவு.

ஒரு கிராமத்தில் சிறுவாடு சேர்த்து 25 குஞ்சுகள் வாங்கிய அம்மையார் ஒருவரை நான் அறிவேன். மாலையில் பெட்டி வந்தது. விளக்கு ஏற்பாடு செய்யவில்லை. கூடையால் மூடி வைத்தார். குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கி, விடிவதற்குள் 11 குஞ்சுகள் இறந்துவிட்டன. பெட்டி வரும் முன்பே இடம் தயாராக இருந்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது.

இடம் தயாரித்தல்

எலி, பூனை, கீரி நுழையாத அறையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து உலரவிடவும். தரையில் 5 செ.மீ. உயரத்திற்கு உலர்ந்த நெல் உமி அல்லது கடலைத் தோல் பரப்பவும். குஞ்சுகள் உமியைத் தின்னாதிருக்க அதன் மேல் செய்தித்தாள் விரிக்கலாம். வழுக்கும் தாளில் நின்றால் கால்கள் அகன்று ஊனமாகும் என்பதால், மூன்று நாட்களில் தாளை எடுத்து விடவும். 25 குஞ்சுகளுக்கு 3 அடி விட்டமுள்ள அட்டை அல்லது தகட்டு வளையம் போதும்.

வெப்பம்

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரத்திற்கு 5 டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிடவும். இன்று வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிரப் போதிய சூடு தராது. குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கியடித்தால் சூடு போதவில்லை. வாய் திறந்து, சிறகு தொங்கவிட்டு விலகி ஓடினால் சூடு அதிகம். பரவலாக உறங்கினால் சரி. மின்தடை ஏற்பட்டால், வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைச் சாக்கில் சுற்றி வைக்கலாம். மூடிய அறையில் கரி நெருப்பு வேண்டாம். அதன் புகை குஞ்சுகளைக் கொல்லும்.

தண்ணீர், தீனி

பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும், கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் ஒரு முறை நனைத்து விடவும். முதல் நாள் அந்நீரில் சிறிது வெல்லம் சேர்க்கலாம். குஞ்சு விழுந்து மூழ்காதிருக்க நீர்த் தட்டில் கூழாங்கற்கள் இடவும். நீர் குடித்தபின் உடைத்த மக்காச்சோளக் குருணையைத் தாளின் மேல் தூவவும். மறுநாள் முதல் குஞ்சுத் தீவனம் கொடுக்கவும்.

இரவில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்து மெத்தென்று இருந்தால் குஞ்சு தின்றிருக்கிறது. காலியாக உள்ளவற்றைப் பிரித்து, மீண்டும் நீர் காட்டித் தீனியருகே விடவும். ஆசனவாயில் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரால் துடைக்கவும்.

தடுப்பூசி

இராணிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சல் வந்த பின் குணப்படுத்த மருந்தில்லை. முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து இடவும். நான்காம் வாரத்தில் மறுமுறையும், எட்டாம் வாரத்தில் ஊசியும் அவசியம். மருந்தை ஐஸ் கட்டியுடன் கொண்டு வரவும். கலக்கிய மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. ஒரு குப்பி பல வீட்டுக் குஞ்சுகளுக்குப் போதுமாதலால், அண்டை வீட்டாருடன் சேர்ந்து ஒரே நாளில் போடுவது சிக்கனம். விவரங்களுக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகவும்.

பெட்டி வரும் நாளுக்கு முந்தைய இரவே விளக்கை எரியவிட்டுச் சூட்டைச் சோதித்து விடுங்கள். குஞ்சுக்குக் கொடுத்த பணம் முட்டையாகத் திரும்பி வர இதுவே முதற்படி.