வாடகைக் கார் ஓட்டுவோரும் வரிக் கணக்கும்



ஜூரோங் வட்டாரத்தில் நம்மவர் பலர் இன்று வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கின்றனர். கடையில் வியாபாரம் மந்தமானபோது இத்தொழிலுக்குப் போனவர் உண்டு. பகலில் கடை, இரவில் கார் என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரும் உண்டு. நம் பிள்ளைகளும் மருமக்களும் படிப்பு முடிந்ததும் சில காலம் காரை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். உழைத்துச் சம்பாதிப்பதில் குறைவில்லை. ஆனால் வரி என்ற பேச்சு வந்தால், "அது சம்பளக்காரருக்கும் பெரிய முதலாளிக்கும் உள்ளது, நமக்கென்ன?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இவ்வெண்ணம் சரியன்று. எப்படிச் சரியன்று என்பதை நம் கடைக் கணக்கு முறையிலேயே இங்கு விளக்க முயல்கிறேன்.

இந்நாட்டில் வருமான வரி 1948-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. நம் முன்னோர் சிராங்கூன் சாலையிலும் மார்க்கெட் தெருவிலும் கடை வைத்திருந்த காலத்திலேயே இதைக் கட்டியவர்கள்தாம். கைப்பேசி மூலம் வாடிக்கையாளரை அழைத்துத் தரும் கார் தொழில் இங்கு 2013-இல் வந்தது. தொழில் புதியது; கணக்கு பழையது.

முதற் பாடம்: ஓட்டுநரும் ஒரு வியாபாரியே

சம்பளக்காரருக்கு அவருடைய முதலாளி சேமநிதி கட்டுகிறார். வருமான விவரத்தையும் பெரும்பாலும் அவரே வரி ஆணையத்துக்கு அனுப்பிவிடுகிறார். கார் ஓட்டுநருக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை. காரை ஓரிடத்தில் வாடகைக்கு எடுக்கிறார், வாடிக்கையாளரைக் கைப்பேசி நிறுவனம் காட்டுகிறது, பெட்ரோலை அவரே போடுகிறார். ஆகவே வருமான வரியைப் பொறுத்தவரை அவர் சொந்தத் தொழில் செய்பவர். மளிகைக் கடைக்காரருக்கு எந்த விதியோ அதே விதிதான் அவருக்கும்.

செலவு போக மிஞ்சும் தொழில் ஆதாயம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் கணக்குக் காட்டியாக வேண்டும். எல்லா வருமானமும் சேர்ந்து 22,000 வெள்ளியைத் தாண்டினாலும் காட்ட வேண்டும். இவற்றுக்குக் குறைவாக இருந்தாலும், கணக்குக் காட்டும்படி ஆணையம் கடிதம் அனுப்பியிருந்தால் காட்டத்தான் வேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததை மறு ஆண்டு மார்ச் 1-ஆம் தேதிக்கும் ஏப்ரல் 18-ஆம் தேதிக்கும் இடையில், சிங்பாஸ் கொண்டு இணையத்தின் வழியே தெரிவிக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: வரவு வேறு, ஆதாயம் வேறு

கல்லாவில் விழுந்த பணமெல்லாம் இலாபம் என்று எந்தக் கடைக்காரரும் எண்ணமாட்டார். கொள்முதல், வாடகை, கூலி போக மிஞ்சுவதே இலாபம். கார் தொழிலும் அப்படித்தான். பயணக் கட்டணம் மட்டுமின்றி நிறுவனம் தரும் ஊக்கத் தொகையும் வரவில் சேரும். அதிலிருந்து செலவைக் கழித்தால் வருவதே ஆதாயம்.

செலவைக் கழிக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, மொத்த வரவில் நூற்றுக்கு 60 பங்கைச் செலவு என்று வைத்துக்கொள்வது. இதற்குச் செலவு ரசீது எதுவும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இவ்வழியை எடுத்தவர் அதற்கு மேல் வேறு தொழிற்செலவு கேட்க முடியாது.

மற்றொன்று, உண்மையில் ஆன செலவைக் கழிப்பது. கார் வாடகை, பெட்ரோல், நிறுவனத்தின் தரகு, சாலைக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், தொழிலுக்கான கைப்பேசிச் செலவு முதலியவை இதில் சேரும். போலீஸ் அபராதம் சேராது. சாப்பாட்டுச் செலவு சேராது. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் உறவினர் வீட்டுக்குப் போகவும் காரை எடுத்தால் அந்தப் பங்கும் சேராது. இவ்வழிக்குக் கணக்கும் ரசீதும் அவசியம். அவற்றை ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும்.

எது இலாபம்? இரண்டு பேரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆண்டு வரவு 60,000 வெள்ளி. முதல்வருக்கு உண்மைச் செலவு 31,000, இரண்டாமவருக்கு 41,000. 60 பங்கு வழியில் இருவருக்கும் கழிவு 36,000, ஆதாயம் 24,000. முதல்வருக்கு இவ்வழியே நல்லது. உண்மைச் செலவைக் காட்டினால் அவருடைய ஆதாயம் 29,000 ஆகிவிடும். இரண்டாமவர் உண்மைச் செலவைக் காட்டினால் ஆதாயம் 19,000-தான். ஆனால் கையில் கணக்கு இல்லாவிட்டால் தாம் முதல்வரா இரண்டாமவரா என்பதே அவருக்குத் தெரியாது. ரசீதைக் குப்பையில் போட்டவர் அவ்வுரிமையையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

இந்த இரண்டாமவருக்கு ஒரு சிறு கடையும் இருந்து, அதில் 30,000 வெள்ளி ஆதாயம் வருவதாகக் கொள்வோம். இரண்டு ஆதாயங்களும் சேர்த்தே பார்க்கப்படும். 55 வயதுக்குக் குறைந்தவருக்கு உழைப்பு வருமானக் கழிவு 1,000 வெள்ளி. மற்றக் கழிவுகளைச் சேர்க்காமல் பார்த்தால், 60 பங்கு வழியில் அவருக்கு வரி 1,460 வெள்ளி. உண்மைச் செலவு வழியில் 1,110 வெள்ளி. வித்தியாசம் 350 வெள்ளி. இது நோட்டில் எழுதிவைத்ததற்குக் கிடைத்த கூலி.

மூன்றாம் பாடம்: வரியைவிடப் பெரியது மெடிசேவ்

நம்மவர் வரிக்கு அஞ்சுகிறார்கள். ஆனால் சிறு தொழில் செய்பவருக்கு வரி அவ்வளவு பெரிய பாரமன்று. வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை. அடுத்த 10,000-க்கு நூற்றுக்கு 2, அதற்கடுத்த 10,000-க்கு மூன்றரை, அதன்பின் 40,000-க்கு 7 என்று படிப்படியாக ஏறுகிறது.

கடையில் மட்டும் 30,000 வெள்ளி ஆதாயம் பெறும் 40 வயதுக்காரர் ஒருவரைப் பார்ப்போம். 1,000 வெள்ளிக் கழிவு போக அவர் வரி 180 வெள்ளி. ஆனால் அவர் மெடிசேவ் கணக்கில் கட்ட வேண்டியது நூற்றுக்கு 9 வீதம் 2,700 வெள்ளி. வரியைப் போல் பதினைந்து மடங்கு! இந்த அறிவிப்பு வரும்போதுதான் பலர் திகைக்கிறார்கள். அது அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் பணமன்று. நம் பெயரிலேயே இருந்து, நோய் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும் பணம். எனினும் கட்டும் நாளில் கையில் இருக்க வேண்டுமே. மெடிசேவ் பாக்கி வைத்திருப்பவருக்குத் தொழில் உரிமத்தைப் புதுப்பிப்பதிலும் தடை வரும். உரிமம் நின்றால் பிழைப்பு நின்றது.

கார் தொழிலில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இணையத்தள ஊழியர் சட்டத்தின்படி, ஓட்டுநரின் சேமநிதிப் பங்கை நிறுவனமே வருமானத்திலிருந்து பிடித்துக் கட்டிவிடுகிறது. 1995 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பின்போ பிறந்தவர்களுக்கு முழுச் சேமநிதி கட்டாயம். நிறுவனமும் தன் பங்கைச் செலுத்தும். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். சேர்ந்தபின் விலக முடியாது. சேராதவர்களுக்கு மெடிசேவ் மட்டும் பிடிக்கப்படும். கவனிக்க வேண்டியது யாதெனில், நிறுவனம் பிடிப்பது சேமநிதிக்காக மட்டுமே. "அவர்கள்தான் பிடித்துவிட்டார்களே" என்று வருமான வரியைக் கவனியாமல் விடலாகாது. கடையும் வைத்திருப்பவர் கடை ஆதாயத்துக்கு மெடிசேவைத் தாமே கட்ட வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

நான்காம் பாடம்: பேசாமலிருப்பதன் விலை

கணக்குக் காட்டாவிட்டால் ஆணையம் தானே ஒரு தொகையை மதிப்பிட்டு அனுப்பும். அது நம் உண்மை ஆதாயத்தைவிட அதிகமாக இருக்கலாம். ஆட்சேபம் சொல்ல 30 நாள் உண்டு. ஆனால் ஆட்சேபம் நடக்கும்போதே தொகையைக் கட்ட வேண்டும். தவணை தவறினால் நூற்றுக்கு 5 அபராதம் சேரும். கைப்பேசி நிறுவனங்கள் ஓட்டுநர்களின் வரவு விவரத்தை ஆணையத்துக்கு அனுப்புகின்றன. ஆகவே மறைந்திருக்கலாம் என்பதும் வீண் எண்ணம்.

இதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கலியாணமான இளைஞர் வீட்டுக் கடன் கேட்கப் போகிறார். சம்பளச் சீட்டு இல்லாத அவரிடம் வரி மதிப்பீட்டு அறிவிப்பைத்தான் கேட்பார்கள். மாதம் எவ்வளவு சம்பாதித்தாலும், அத்தாள் இல்லாவிட்டால் அவர் வாய்ச்சொல்லை யார் ஏற்பார்? ஒழுங்காகக் கணக்குக் காட்டியவருக்கு அதுவே சாட்சி.

ஐந்தாம் பாடம்: ஒரு நோட்டுப் புத்தகம்

செய்ய வேண்டியது கடினமன்று. ஒரு நோட்டில் நாள், வரவு, செலவு என்று மூன்று கோடுகள் போடுங்கள். இரவு வண்டியை நிறுத்தியதும் எழுதுங்கள். ரசீதுகளை மாதம் ஓர் உறையில் போடுங்கள். வெயிலில் எழுத்து மங்கும் ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் நிறுவனத்தின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டுமென்று மதரசாவில் ஓதிய நமக்கு இது புதிய பாடமும் அன்று.

வாரந்தோறும் ஆதாயத்தில் பத்தில் ஒரு பங்கை வேறாக எடுத்து வைத்தால், அறிவிப்பு வரும் நாளில் பெரும்பாலோருக்குத் திகைப்பு இராது. ஒரே தடவையில் கட்ட இயலாதவர் ஜைரோ முறையில் வட்டியில்லாமல் 12 மாதத் தவணையாக வரியைக் கட்டலாம். இணையத்தில் தடுமாறுபவர் நியூட்டன் சாலையிலுள்ள வரி ஆணைய அலுவலகத்தில் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போய்க் கேட்கலாம்.

கடை வைத்திருக்கும் மூத்தோருக்கு ஒரு வேண்டுகோள். பேரேடு எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள். கார் ஓட்டும் உங்கள் வீட்டுப் பிள்ளையை இந்த மாதம் ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து, அவனுடைய வரவு செலவைக் கேட்டு, முதல் பக்கத்தை அவனோடு சேர்ந்து எழுதிக் கொடுங்கள். மீதிப் பக்கங்களை அவனே எழுதிக்கொள்வான்.