குழந்தைக்குப் பெயரிடுமுன்



கோல சிலாங்கூரிலும், தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலும் நம்மவர் வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால், பெயர் எது என்பதில் இப்பொழுது பெரிய வழக்கே நடக்கிறது. பாட்டனார் பெயரை வைக்கவேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். அது பழைய பெயர், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்கிறார்கள் இளையவர்கள். அவர்கள் கைப்பேசியில் தேடி, காதுக்கு இனிய இரண்டு ஓசைகளை ஒட்டி ஒரு பெயரைக் கொண்டு வருகிறார்கள். அதன் பொருள் யாது என்று கேட்டால் விடை வருவதில்லை. இரு சாராரும் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முன்னோர் பெயரை இடுவது வெறும் ஊர் வழக்கமன்று. முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் நஜ்ரானுக்குச் சென்றிருந்தபோது அங்குள்ள கிறிஸ்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். மர்யம் அவர்களை ஹாரூனின் சகோதரி என்று குர்ஆன் அழைக்கிறதே, மூஸா நபியின் காலத்து ஹாரூன் எங்கே, ஈஸா நபியின் தாயார் எங்கே என்பது அக்கேள்வி. அவர் திரும்பி வந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். அக்காலத்து மக்கள் தமக்கு முன் வாழ்ந்த நபிமார், நல்லோர் ஆகியோரின் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்கு இட்டு வந்தார்கள் என்று பெருமானார் விளக்கினார்கள். தமக்கு மகன் பிறந்த இரவிலேயே, தம் மூதாதையான இப்ராஹீம் நபியின் பெயரை அவர்களும் சூட்டினார்கள். இரண்டும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளவை. ஆகவே பெரியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் பாட்டனார் பெயர்தான் எது? எங்கள் கடைப் பற்றுப் புத்தகத்தைப் புரட்டினால் முகைதீன், மொய்தீன், மைதீன், முஹ்யித்தீன் என்று ஒரே பெயர் நாலு வேஷத்தில் நிற்கிறது. தீனுக்கு உயிரூட்டியவர் என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 561இல் பக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர் அது. கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிர் தமிழர் நாவில் சீதக்காதியானார். ஜைனப் செய்னம்பு ஆனாள். பாத்திமா பாத்துமுத்து ஆனாள். இவற்றில் இழிவு ஏதுமில்லை. அன்போடு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த பெயர்கள் இவை.

எழுத்தில் ஏறினால் கதை வேறு. பரங்கிப்பேட்டையிலிருந்து பினாங்குக்கு வந்து, 1801இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன் அவர்கள் மரைக்காயர் குலத்தவர். ஆங்கில எழுத்தில் மரைக்காயர் என்பது மெரிக்கன் ஆயிற்று. இன்றும் பினாங்கில் பல குடும்பங்கள் மெரிக்கன் என்றே பெயர் தாங்குகின்றன. தாளில் ஒருமுறை விழுந்த எழுத்து இருநூறு ஆண்டுகளாகியும் போகவில்லை!

ஓசை மருவுவதோடு நின்றால் கவலையில்லை, பொருளே மாறிவிடும் இடமும் உண்டு. அரபியில் தனித்தனியாக உள்ள பல எழுத்துகளுக்குத் தமிழில் ஓரெழுத்துதான். ஆசியா என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அலிபும் ஸீனும் கொண்டு எழுதினால், பிர்அவ்னின் மனைவியாயிருந்தும் ஈமான் கொண்ட அம்மையாரின் பெயர். ஐனும் ஸாதும் கொண்டு எழுதினால், மாறு செய்பவள் என்று பொருள். பின்னதையே பெருமானார் உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு இருக்கக்கண்டு, ஜமீலா என்று மாற்றினார்கள். தமிழில் இரண்டும் ஆசியாதான்! ரூமியில் எழுதும்போதும் ஓரெழுத்து பிசகினால் இதே கதிதான். அலீம் என்பது ஐனில் தொடங்கினால் அறிவுடையவன், ஹம்ஸாவில் தொடங்கினால் நோவு தருவது. இப்ராஹீம் நபிக்குரிய கலீல் உற்ற தோழன். காஃபில் தொடங்கும் மற்றொரு கலீலோ சொற்பம். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குச் சொற்பம் என்று பெயர் வைத்தால் கல்லா என்ன ஆவது?

பாட்டனார் பெயராயிற்றே என்று பொருந்தாத பொருளையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹஸ்ன் என்று ஒருவர் இருந்தார். கரடுமுரடான நிலம் என்பது பொருள். மென்மையைக் குறிக்கும் ஸஹ்ல் என்று வைத்துக்கொள்ளும்படி பெருமானார் கூறியும், தகப்பனார் இட்ட பெயர் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கரடு எங்கள் குடும்பத்தை விட்டுப் போகவேயில்லை என்று அவர் பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யிப் பிற்காலத்தில் கூறியது புகாரியில் இருக்கிறது. நம் பக்கத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரே பெயரின் பொருளுக்குக் கூச்சப்பட்டு, 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிடவில்லையா?

ஆகவே, பெயர் பழையதோ புதியதோ, முதலில் அதை அரபி எழுத்தில் எழுதி இமாமிடம் காட்டுங்கள். பிறகு ரூமியில் எழுதுங்கள். ஏழாம் நாள் அகீகாவுக்கு முன் இதை முடித்துக்கொள்ளலாம். பதிவிலாகாவில் தீபகற்பத்தில் 60 நாள் தவணை இருக்கிறது. அவசரப்பட்டுக் கவுண்டரில் நின்றுகொண்டு எழுத்துக்கூட்ட வேண்டாம். அப்துல் என்று தொடங்கும் பெயரை, அப்துல் காதிர் என்றால் காதிரோடு சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவது நலம். பிரித்து எழுதினால் வெளிநாட்டு விமான நிலையங்களில் பிள்ளை வெறும் அப்துல் ஆகிவிடுவான். அடிமை என்ற பாதிச்சொல் மட்டும் மிஞ்சும். யாருடைய அடிமை என்பது விடுபட்டுப்போகும்.

தகப்பனார் பெயரிலும் கண் வேண்டும். கானா மூனா என்று விலாசம் சொன்னாலே ஊருக்குத் தெரிந்த காலம் போய்விட்டது. பின் என்பதற்குப் பின்னே வருவது, தகப்பனாரின் அடையாளக் கார்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். கடை லைசென்சில் ஒரு மொய்தீன், நிலக் கிராண்டில் ஒரு முகைதீன், மகனின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மைதீன் என்று விட்டுப்போனவர்களின் வாரிசுகள், மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதிக்கொண்டு அலைவதை நாம் பார்த்திருக்கிறோம். கடை பூட்டிக்கிடக்க, பராயிள் பங்கு பிரிக்க முடியாமல் விதவையும் பிள்ளைகளும் காத்திருப்பார்கள்.

பிறப்புப் பத்திரம் கைக்கு வந்ததும், கவுண்டரை விட்டு நகருமுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள். வீட்டில் செய்னம்பு என்றே கூப்பிட்டுக்கொள்ளலாம். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.