கண்டியின் புற்களை இனங்காண: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஹந்தானைச் சரிவில் மானாப் புல், அடிவாரத் தெருவோரம் ஆபிரிக்காவிலிருந்து வந்த கினிப்புல். பெயர் பிழைத்தால் களைய வேண்டியதைக் காப்போம், காக்க வேண்டியதைக் களைவோம்.

செய்ய வேண்டியவை

• அடித்தண்டு, கணு, இலை, கதிர் எல்லாம் சேர்த்து எடுங்கள். இலையும் தண்டும் கூடுமிடத்தில் உள்ள சிறு நாக்கு சவ்வா, மயிர் வரிசையா என்று கைக்கண்ணாடியால் அங்கேயே பார்த்துக் குறியுங்கள்.

• சிறுகதிரைப் பிரித்துப் பாருங்கள். கினிப்புல் 1781 முதல் நெடுங்காலம் பானிக்கம் பேரினத்தில் இருந்தது. ஆனால் அதன் மணியை மூடும் கடின உமியில் குறுக்குச் சுருக்கங்கள் உண்டு. அசல் பானிக்கத்தில் அது வழுவழுப்பு. டி.என்.ஏ. ஒப்பீடும் அதை யூரோக்ளோவா என்ற பேரினத்தின் பக்கமே சேர்த்தது. இன்று மெகாதிர்சஸ் மாக்சிமஸ் என்றும் யூரோக்ளோவா மாக்சிமா என்றும் எழுதுகிறார்கள். பழைய பெயரையும் சீட்டில் எழுதுங்கள். பழைய மாதிரிகளைத் தேட அதுதான் வழி.

• இளம் இலைத் துண்டை அன்றே சிலிக்கா ஜெல்லில் இடுங்கள். அதே செடியை அழுத்தி உலர்த்தி, இரண்டுக்கும் ஒரே எண் கொடுங்கள். செடி இல்லாத டி.என்.ஏ. வரிசையைப் பின்னர் யாராலும் சரிபார்க்க முடியாது.

• பேராதனைத் தேசிய ஹெர்பேரியத்தின் மாதிரிகளோடு ஒப்பிடுங்கள். தாவரவியலாளர் ட்ரைமன் 1896இல் இறந்தபின் அவருடைய இலங்கைத் தாவர நூலை ஹூக்கர் என்ற தாவரவியலாளர் முடித்தார். புற்கள் 1900இல் வந்த ஐந்தாம் பகுதியில் உள்ளன; அதையும் பாருங்கள்.

• உருவச் சான்றையும் டி.என்.ஏ. சான்றையும் மோதவிடுங்கள். இதற்கு நம் மலைமூங்கில்களைவிட நல்ல பாடம் இல்லை. பேராதனைத் தோட்டத்தை நடத்திய த்வெய்ட்ஸ் காலத்திலிருந்தே அவை அருண்டினேரியா எனப்பட்டன. மூங்கில் பூப்பது அரிது. பூவை நம்பிப் பிரிக்க வழியில்லை. லக்ஷ்மி ஆட்டிகல, ஹஷேந்திரா கத்ரியாராச்சி, லின் கிளார்க் உள்ளிட்டோர் பச்சையவுருமணி டி.என்.ஏ.வின் பல பகுதிகளைப் படித்து, இவை தனி வம்சம் என்று கண்டு, 2014இல் குருனா என்ற புதிய பேரினத்தை அமைத்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. ஒற்றைக் கொத்தாக வளர்தல், தண்டு உறையடியில் சுமார் 1 மில்லிமீற்றர் அகலப் பட்டை, அரிக்காத உறைமயிர் எனக் கையால் தொட்டறியும் அடையாளங்களையும் சொன்னார்கள். வகைப்பாடு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

செய்யக்கூடாதவை

• உயரத்தையும் நிறத்தையும் நம்பாதீர்கள். தீப்பட்ட சரிவிலும் மாடு மேய்ந்த இடத்திலும் ஒரே இனம் வேறாகத் தெரியும்.

• பச்சையவுருமணி டி.என்.ஏ.வோடு முடிவு கட்டாதீர்கள். புற்களில் அது பெரும்பாலும் தாய்வழி மட்டுமே வரும். கலப்பினத்தின் தந்தை மறைந்துபோவார். உயிரணுக்கருவின் மரபணுவும் வேண்டும்.

• ஒரே புதரடியில் பத்துச் செடி பிடுங்கிப் பத்துச் சான்று என்று எண்ணாதீர்கள். கினிப்புல் பெரும்பாலும் கருக்கட்டாமலே விதை தரும். பத்தும் ஒரே தாயின் நகலாக இருக்கலாம்.

• புள்ளி விழுந்த இலையை டி.என்.ஏ. ஆய்வுக்குக் கொடுக்காதீர்கள். பூஞ்சையின் டி.என்.ஏ. புல்லினுடையதாக வந்து நிற்கும்.

• நக்கிள்ஸ் காட்டில் வனத் திணைக்கள அனுமதி இல்லாமல் ஓர் இலையும் எடுக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும் கொத்தைப் பெயர்க்காமல் ஒரு தண்டோடு நிறுத்துங்கள்.